பானிபூரி விற்காதவர்

எங்கள் வீட்டு டிவியில் வடக்கத்திக்காரர்களுக்கு இரண்டே வேலைதான். காமெடியில் பானிபூரி விற்பார்கள், இல்லையென்றால் கொள்ளையடிப்பார்கள். மண்ணரை என்கிற ஊரில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் அறையில் பீகார்க்காரர் ஒருவர் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியிலேயே டெய்லர். பானிபூரி விற்கவில்லை. அப்படியானால் மிச்சம் இருந்தது ஒன்றுதான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம். லீவு என்பதால் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். எதிர் ஜன்னலில் எட்டிப் பார்த்தால், அவர் எக்ஸ்போர்ட் பனியன்களை, அதுவும் கைக்குழந்தை சைஸில், ஒரு பைக்குள் அவசர அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்! சத்தமில்லாமல் போய் அவர் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"பாப்பா! டிரெயின்! கதவு, பாப்பா!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். டிவியில் மாட்டிக்கொண்ட திருடர்களும் கெஞ்சத்தான் செய்வார்கள். நான் வீட்டுக்குள் போய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, கிடைக்கப்போகும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அப்பா வந்து தாழ்ப்பாளை நீக்கியதும் அவர் பையோடு ரோட்டுக்கு ஓடினார்.

"அந்தப் பையில கம்பெனி பனியனுங்கப்பா" என்றேன்.

"அது செகண்ட்ஸ் சாமி. ஓட்டை உழுந்த பீஸக் கம்பெனியே கம்மி வெலைக்குக் குடுக்குமல்ல? நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ஊர்ல அவனுக்குப் பொண்ணு பொறந்து ஏழு மாசமாச்சு, அவன் இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல."

நான் போய் டிவியை அணைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். ரயில் போய்விட்டது. இனி டிக்கெட் பண்டிகை கழிந்துதான் கிடைக்குமாம். பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆருப்பா வெளிய தாழ் போட்டது?" என்று கேட்டார் அப்பா.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "காத்து, அண்ணா. காத்துல மூடிச்சு" என்றார்.

அன்று இலைகூட அசையவில்லை. எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறான் பார், நான் நினைத்தது சரிதான் என்று எனக்குத் தைரியம் திரும்பிவந்தது. அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.