சந்தாபுராவில் இல்லாத அந்துப்பூச்சி

அந்தப் பூச்சியை ஏற்காட்டில்தான் படமெடுத்தேன். அத்தை வீட்டுக் குளியலறைச் சுவரில், ஒரு காலை நேரம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். சாம்பல் நிறச் சிறகுகளைக் கூரைபோல மடித்து உட்கார்ந்திருந்தது. சிறகின் குறுக்கே காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பட்டை, பட்டையின் முடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவரை மலைப்பகுதிகளில் மட்டுமே பதிவாகியிருந்த இனம்.

இரண்டு வாரம் கழித்து, மலையே இல்லாத சந்தாபுராவிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அதைப் பூச்சிகளைப் பதிவு செய்யும் செயலியில் ஏற்றினேன். ஏற்காட்டில் போனின் லொகேஷனை அணைத்து வைத்திருந்ததால், செயலி படத்தை ஏற்றும்போது நான் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பார்க்காமல் 'சரி' அழுத்தினேன். என் வேலையே மென்பொருளைச் சோதிப்பது. எதை வெளியிடும் முன்பும் சரிபார்க்க ஒரு பட்டியல் வைத்திருப்பவள் நான்.

மறுநாளே பக்கத்து ஊர் ஆனேக்கலிலிருந்து, செயலியில் என் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஓர் ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். இந்தப் பூச்சி எங்கெல்லாம் வாழ்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

"அக்கா, சமவெளில இதுதான் ஃபர்ஸ்ட்! நாளைக்கே வரவா?"

வரச் சொல்லிவிட்டுப் படத்தைத் திறந்தேன். பூச்சிக்குப் பின்னால் அத்தை வீட்டு நீலச் சுண்ணாம்புச் சுவர்; கீழே இடம் என்ற கட்டத்தில் சந்தாபுரா.

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வந்தவள், "வேற யாராவது போட்டிருந்தா நம்பியிருக்க மாட்டேன்க்கா" என்றாள். நான் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்துப் பூச்சிக்காகக் காத்திருந்தாள். காய்ந்த துணி எடுக்க வந்த கீழ்வீட்டம்மா, "என்னம்மா, சினிமாவா? டிக்கெட் எவ்ளோ?" என்றார். நான் தினமும் சமைத்துப் போட்டேன். எலுமிச்சை சாதம், அடை, மூன்றாம் நாள் பாயசம்கூட.

பாயசத்தைக் குடித்தபடியே அவள் சொன்னாள்: "பூச்சி வராட்டி என்னக்கா, உங்க ரெக்கார்ட் இருக்கே. தீசிஸ் மேப்ல இந்த மாடிய போட்டுடறேன்."

"அது இங்க எடுத்ததில்ல. ஏற்காட்டுல எடுத்தது. நீ வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அதான் தினமும் விருந்தா?"

அவள் சிரிக்கவில்லை. துணியை அவிழ்த்தாள். மடிக்க நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "இருக்கட்டும்க்கா."

படியிறங்கும் முன் திரும்பினாள். "உங்க மத்த ரெக்கார்டெல்லாம் என் லிஸ்ட்ல இருக்கு. அதெல்லாம் சரிதானே?"

"பாத்துச் சொல்றேன்."

உடனே இடத்தைத் திருத்தினேன். சந்தாபுராவிலிருந்த புள்ளி வரைபடத்திலிருந்து மறைந்தது. பிறகு என் பதிவுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினோராவதில் ஓசூர் என்று இருக்கிறது. படத்தில் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு பூச்சி. எங்கே எடுத்தேன் என்று நினைவில்லை.