பானை கவிழ்க்கிற நேரம்

அந்தோணியம்மாளின் குசினியில், வீட்டு ஆள் கடலில் இருக்கும்வரை ஒரு பானையும் கவிழாது. பானை கவிழ்ந்தால் தோணியும் கவிழும் என்பது அவள் அம்மா வழியில் வந்த நம்பிக்கை. கழுவிய பானைகளை நிமிர்த்தியே வைப்பாள். ஆள் கரையேறிய பிறகுதான் கவிழ்த்து நீர் வடியவிடுவாள். ஏழு வருஷத்துக்கு முன் கொழும்புக்குப் பாய் விரித்துப் போன அவள் புருஷன் பவுலின் தோணி திரும்பவே இல்லை. மற்றப் பானைகளை நாளடைவில் கவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்; அவனுடைய கஞ்சிப் பானை மட்டும் அடுப்படி மூலையில் நிமிர்ந்தபடியே இருந்தது. அதைப் பற்றித் தெருவில் யாரும் வாய் திறப்பதில்லை.

1949 தை மாதம் ஒரு புதுச் சிக்கல் வந்தது. மகன் இனிகோ பம்பாயில் ஒரு பார்சி முதலாளி வீட்டுச் சமையல்காரன். அவன் கை படாத சாப்பாடு முதலாளிக்கு வயிற்றில் தங்காது. லண்டனுக்கு விமானம் ஏறும்போது மனிதர் டாக்டரை விட்டுவிட்டு இவனைக் கூட்டிக்கொண்டார். செவ்வாய் ராத்திரி பம்பாயில் ஏறி, வியாழன் காலை எட்டு மணிக்கு லண்டனில் இறங்குவோம் என்று இனிகோ எழுதியிருந்தான். விமானத்துக்குப் பானைக் கணக்கு உண்டா, இல்லையா?

கடிதத்தை வாசித்த பக்கத்து வீட்டு வேதமணி துறைமுக ஆபீஸ் கிளார்க். அவரையே பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, அது கடலுக்கு மேலயும் பறக்குமா?”

“பறக்கும்க்கா. சுத்தி வளைச்சு அஞ்சாயிரம் மைலு இருக்கும்லா.”

“எவ்வளவு நேரமாகும்? எந்தக் காத்துக்கு?”

வேதமணி விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குக் கோபம் வந்தது. கொழும்பே வாடைக்கு ஒரு தூரம், சோழகக் காற்றுக்கு ஒரு தூரம் என்று கேட்டு வளர்ந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? கடலுக்கு மேல் போவதும் கடல்தான் என்று தானே முடிவுகட்டி, செவ்வாய் மாலையே எல்லாப் பானைகளையும் நிமிர்த்திவிட்டாள்.

வியாழக்கிழமை கோயில் மணி எட்டு அடித்தது. கல்யாண வீட்டுக்காரி தோற்றாள், அத்தனை ஆரவாரமாகப் பானைகளைக் கவிழ்த்தாள். ஆபீசுக்குக் கிளம்பிய வேதமணி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, அதுக்குள்ள கவுத்திட்டீய? அங்கன இன்னும் ராத்திரிலா! நமக்கு எட்டு அடிச்சு அஞ்சரை மணி நேரம் கழிச்சுத்தான் லண்டன்ல எட்டு அடிக்கும். இனிகோ இப்பவும் மேலதான் பறந்துக்கிட்டு இருப்பான்.”

அவள் ஓடிப்போய் எல்லாவற்றையும் நிமிர்த்தினாள். அவசரத்தில் ஒரு பானையின் வாய் விண்டு போனது.

“கடுதாசி வாசிச்சப்பமே சொல்லப்பிடாதா?” என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். ஆனால் திட்டி முடிப்பதற்குள் கேள்வி முந்திக்கொண்டது. “அந்த அஞ்சரை மணி எங்க போச்சு?”

“எங்கயும் போகலக்கா. சூரியன் முதல்ல நமக்கு, பொறவுதான் அவங்களுக்கு.”

“அப்பம் நடு வழியில இருக்கவனுக்கு எது மணி? என் பிள்ள எந்த ஊரு மணிக்குச் சாப்பிடுவான்?”

வேதமணி தலையைச் சொறிந்தார். “பசிக்கிற மணிக்கு” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினார்.

அன்றைக்கெல்லாம் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயங்காலம் தந்தி வந்தது. சுகமாக வந்து சேர்ந்தான் என்று வேதமணி வாசித்ததும் அந்தோணியம்மாள் அழுதாள், சிரித்தாள், மாதாவைக் கும்பிட்டாள். பிறகு பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்து மூலையில் நின்றாள். கஞ்சிப் பானையின் வாயில் கையை வைத்தாள்.

“அஞ்சாயிரம் மைலுக்கே மணி சரியாச் சொல்லிட்டிய தம்பி. கொழும்புக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும்னு சொல்லுங்க.”

வேதமணி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“எந்தக் காத்துக்கு அக்கா?” என்று கேட்டார்.

அவள் பானையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அது நிமிர்ந்தபடியே இருந்தது.