யோஷி என்றொரு குலசாமி

அந்த டேப்பில் கலர் வராது. ஜப்பானில் பதிந்தது, நம்மூர் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையில்தான் ஓடும், நடுநடுவே படம் மேலே உருளும் என்று என் தோழியின் அத்தா, அதாவது அவள் அப்பா, முதலிலேயே சொல்லிவிட்டார். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் அவருக்கு வீடியோ கடை. ஏதோ ஒரு மில்லுக்குப் புது மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர்கள் லாட்ஜில் தங்கி, அவரிடம் டெக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது நாலு டேப்பைத் துணிப்பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"இத்தன மரியாதையாக் குடுத்தத எப்படிம்மா அழிச்சுப் பதியறது?" என்று அத்தா அதை அப்படியே வைத்திருந்தார்.

நானும் தோழியும் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் கடையின் பின்னறைக்கு ஓடிவிடுவோம். அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு நான் வீட்டுக்குப் போகப் பொள்ளாச்சி பஸ் பிடிப்பேன். நாலு டேப்பிலும் ஒரே ரோபோ கதை, கார்ட்டூன் படம். ஆறு மாடி உயர ரோபோ, அதன் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து அதை ஓட்டுகிற ஓர் இளைஞன். கீழே எழுத்து ஓடாது. ஒரு வார்த்தையும் புரியாது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே வசனம் பேசினோம்.

"ஏனுங்க, அந்த ஏவுகணைய எம்பக்கம் வுட்றாதீங்க" என்பேன் நான்.

"செரிங்க, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வுட்டுப்போட்டு வந்தர்றேன்" என்பாள் அவள், எதிரி ரோபோவாக.

உக்கடத்துப் பிளாட்பாரக் கடையில் முப்பது நாளில் ஜப்பான் மொழி கற்றுக்கொடுக்கிற புத்தகம் ஒன்று கிடைத்தது. அதைப் புரட்டியபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர்களும் நம்மைப் போலவே, யார், எங்கே, எதை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில்தான் 'போகிறேன்' என்கிறார்கள்! அதுவரை போகிறானா மாட்டானா என்று காத்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் பேச ஒரு விதம், சேக்காளியிடம் பேச ஒரு விதம். "இது நம்ம ஊர்ப் பேச்சுதான்டி, சொல்லு மட்டும்தான் வேற" என்று தோழியைப் பிடித்து உலுக்கினேன். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் பார்த்தார்கள்.

இந்தத் தைரியத்தில்தான் நாங்கள் தப்புப் பண்ணினோம்.

முதல் டேப்பில், புது ரோபோவைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கும் முன்னால், நீள அங்கி போட்ட ஒருவர் வருவார். குச்சி நுனியில் வெள்ளைத் தாளை மடித்து மடித்துக் கட்டியிருக்கும். அதை ரோபோ முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். எல்லாரும் தலை குனிந்து நிற்பார்கள். இதற்கு எனக்கு யாருடைய விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. என் அப்பா பஸ் டிரைவர். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே, நாற்பது கொண்டை ஊசி வளைவு. டெப்போவுக்குப் புது பஸ் வந்தால் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள் நான். "வண்டி பூஜை" என்றேன். அதுவரைக்கும் சரிதான்.

அடுத்த காட்சியில் அந்த இளைஞன் உள்ளே ஏறி உட்காருவான். கையுறை போட்ட விரலை ஒவ்வொரு மீட்டர் முள்ளுக்கும் ஒவ்வொரு விசைக்கும் நேராக நீட்டுவான். ஏதோ சொல்லுவான். ஒவ்வொன்றுக்கும் முடிவில் அழுத்தமாக ஒரே சொல்: யோஷி. பூஜை முடிந்த கையோடு செய்கிறான், அப்புறம் வேறென்னவாக இருக்கும்? மந்திரம் சொல்கிறான் என்று முடிவு கட்டினோம்.

"பிஸ்மி சொல்றான்டி. எங்கத்தா கடையத் தொறக்கறப்ப சொல்ற மாதிரி."

"பிஸ்மி ஒரு தடவதான? இவன் பத்துத் தடவ சொல்றான். யோஷிங்கறது அவனோட குலசாமி. நாங்கெல்லாம் குலசாமி பேரத்தான் இப்படித் திருப்பித் திருப்பிச் சொல்லுவோம்."

நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்: யோஷி, ரோபோக்காரர்களின் குலசாமி.

அந்த லீவில் தோழியை வால்பாறைக்குக் கூட்டிப்போனேன், அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே. டிரைவருக்குப் பின்சீட். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பா ஆரம்பித்தார். அவருக்கு எப்போதும் உள்ள பழக்கம்தான். வளைவு நெருங்கும்போது வலது ஆள்காட்டி விரல் ஸ்டேரிங்கை விட்டு மேலே எழும்பும், வாய் முணுமுணுக்கும்.

"ஒம்போது. ஆரன். ரெண்டாம் கியர். எதுக்க ஆளில்ல. செரி."

முன்னால் நின்ற இரண்டு காலேஜ் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "பத்து. டீ. ரெண்டு வடை. கடன் இல்ல. செரி" என்று ஒருவன் விரலை நீட்டிச் சொல்ல, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். தோழியும் என் தோளில் அடித்தாள். "ஏ புள்ள, உங்கப்பாவப் பாரு, அப்படியே நம்ம ரோபோக்காரன்!" அவளுக்கு நிஜமான சந்தோஷம். எனக்கு முகம் எரிந்தது. மீதி முப்பது வளைவும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

அப்பா ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டேன்.

"ஏம்ப்பா வளைவுக்கு வளைவு அப்படி முணுமுணுக்கறீங்க? எல்லாரும் சிரிக்கறாங்க."

பொத்தானில் இருந்த கை நின்றது. "வெளிய கேக்கற மாதிரியா சொல்றேன்?"

"வெரல வேற நீட்டறீங்க."

"அப்படியா சாமி?" தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வேறு யாருடையதோ மாதிரி. "செரி கண்ணு. இனிச் சொல்லல."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மறந்திருப்பேன். அவர் சொன்னபடியே செய்தார்.

இரண்டு மாதம் கழித்து, மூடுபனிக் காலத்தில், அப்பா ஓட்டிய பஸ்ஸின் பின்பக்கம் ஒரு வளைவின் தடுப்புச் சுவரில் உரசியது. ஒரு விளக்கு உடைந்தது, தகரம் கொஞ்சம் கிழிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டெப்போவிலும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவாகவே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார், மலை ரூட் வேண்டாம், கீழ் ரூட் போதும் என்று. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாற்றம்.

அம்மாதான் சொன்னாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. "எத்தனாவது வளைவுல இருக்கறோம்னே தெரியாமப் போயிருச்சுங்கறாரு. எனக்கு வயசாயிருச்சாட்ட இருக்குங்கறாரு. நாப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசாடி?"

நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதி அடுத்த வாரம் தெரிந்தது.

காலேஜில் சூலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப்போனார்கள். அங்கேயும் புது மெஷின் பூட்ட ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். எங்களுக்காக மெஷினை ஓடவிடப் போகிறார். ஸ்விட்சைத் தொடும் முன்னால் நிமிர்ந்து நின்றார். ஒவ்வொரு விசைக்கும் விரலை நீட்டினார். ஏதோ சொன்னார். "யோஷி." அடுத்தது. "யோஷி."

எங்கள் வகுப்பே சிரிப்பை அடக்கியது. மில் சூப்பர்வைசர் கையமர்த்தினார். "சிரிக்காதீங்க கண்ணுகளா. அது அவங்க தொழில் பழக்கமுங்க. யோஷின்னா நம்ம 'செரி' மாதிரியாமா. ரயில் ஓட்டறவங்ககூட அப்படித்தானாமா. கண்ணு பாத்தாப் பத்தாது. கை காட்டணும், வாய் சொல்லணும், அது நம்ம காதுலயே வுழுகோணும். அப்பத்தான் மனசு வேற எங்கியும் போகாதுங்கறாங்க. நானே இப்ப ஊட்டுக் கதவப் பூட்டுனா அப்படித்தான் சொல்றேன்."

தோழி என் கையைக் கிள்ளினாள். "நம்ம குலசாமி போச்சே!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கிள்ளின இடத்தைத் தடவிவிட்டாள்.

அப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்து, தான் கண்டுபிடித்தது தெரியாமலே, நான் பிறப்பதற்கு முந்தியிருந்து அந்த மலையில் அதைச் செய்துகொண்டிருந்தார். நான் அதை ஒரு சாயங்காலத்தில் நிறுத்திவிட்டேன்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அவங்க மெசினென்ன, நம்ம பஸ்ஸென்ன" என்று சிரித்து விட்டுவிட்டார். வேறு வழி தெரியாமல், அவருடைய ஓய்வு நாளில், கோயம்புத்தூரில் ஒரு வேலை இருக்கிறது வாங்க என்று சொல்லி வீடியோ கடைக்குக் கூட்டிப்போனேன். அத்தா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கண்ணா. புள்ளைக ரெண்டும் உங்களக் கார்ட்டூன் பாக்க வெக்கறாங்களாக்கும்?"

"என்ன பண்றதுங்க. படிச்ச புள்ளைக சொன்னாக் கேக்கோணுமில்ல."

முதல் டேப்பைப் போட்டோம். குச்சியில் தாள் ஆடியபோது அப்பா தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். இளைஞன் ஏறி உட்கார்ந்து விரலை நீட்டினான். தோழி ஆர்வமாகக் கேட்டாள், "மாமா, இவன் என்ன பண்றான், சொல்லுங்க பாக்கலாம். நாங்க சாமி கும்பிடறான்னு நெனச்சோம்."

"சாமியெல்லாம் கும்பிடல அம்மணி. வண்டி பாக்கறான்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல டிரைவர்தான். ஆனா திரும்பறப்ப பின்னால பாக்க மாட்டேங்கறான், அது தப்பு."

மூன்றாவது டேப்பில் ஒரு காட்சி உண்டு. எங்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, எப்போதும் ஓட்டிவிடுவோம். அதற்கு முந்தின சண்டையில் அவன் தோற்றிருப்பான். திரும்பவும் உள்ளே வந்து உட்காருவான். கை மடியில் கிடக்கும். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு விளக்கு மட்டும் மினுங்கும். டிவியில் நாங்கள் பார்த்த இங்கிலீஷ் கார்ட்டூன்களில் யாரும் இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தோழி வழக்கம்போல ரிமோட்டை எடுத்தாள்.

"வுடு கண்ணு. ஓடட்டும்" என்றார் அப்பா.

நாங்கள் முதல் முறையாக முழுசும் பார்த்தோம். அவன் விரல் எழும்பி, பாதியில் இறங்கியது.

"அவனுக்கு வாய் வரல" என்றார் அப்பா, மெதுவாக.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அந்த ரோபோவைப் பழுது பார்க்கிறவள், கீழே இருந்து பேசுகிறாள். ஆறுதலாக ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை. முதல் விசையின் பெயரை மட்டும் சொன்னாள், அவன் எப்போதும் முதலில் சொல்கிற அதே சொல். காத்திருந்தாள். திரும்பவும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை அவன் விரல் எழும்பியது. "யோஷி."

படம் மேலே உருண்டது. அத்தா டெக்கை ஒரு தட்டுத் தட்டினார். உக்கடம் வரைக்கும் நானும் அப்பாவும் நடந்தே வந்தோம், வழியில் எனக்குக் கம்பங்கூழ் வாங்கித் தரட்டுமா, கடலை வாங்கித் தரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

மாதக் கடைசி வாரம். அவர் மலைக்கு ஓட்டுகிற கடைசிச் சில நாட்கள். ஒரு நாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மலை ஆரம்பித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸே கேட்கிற மாதிரி, "ஒண்ணு" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் அண்ணன், "என்ன அம்மணி, டிக்கெட்டு எண்றியா?" என்றார். அப்பா நேராகப் பார்த்து ஓட்டினார்.

"ரெண்டு." காது சுட்டது. "மூணு."

ஒம்போதில் ஆழியாறு அணை கீழே தெரிந்தது. அதற்கு மேல் பனி. வளைவு எண் எழுதின பலகை எதுவும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பாவின் தோள் இறுகியிருந்தது. அந்தச் சுவரில் உரசின நாளும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு எண்ணிக்கை குழம்பிவிட்டது. ஆனாலும் நிறுத்தக்கூடாது என்று மனசில் பட்ட எண்ணைச் சொன்னேன்.

"பதினொண்ணு."

"பன்னண்டு" என்றார் அப்பா.

விரல் எழும்பியது.

"பன்னண்டு. ஆரன். ரெண்டாம் கியர். எதுக்க ஆளில்ல. செரி."

பஸ் சுவரைத் தொடாமல், அவசரமில்லாமல் திரும்பியது. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாயா என்று தோழி இன்றுவரை கேட்கிறாள். சத்தியமாக இல்லை.

பதினேழாவதோ பதினெட்டாவதோ வளைவில், எஸ்டேட்டுக்குப் போகிற ஓர் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏனுங் டிரைவரு, மந்திரஞ் சொல்றீங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "வண்டி பாக்கறனுங்க."

வால்பாறையில் டீ குடிக்கும்போது, டெப்போவில் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்க என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அங்கேயே எழுதினேன். அதன் பின்பக்கத்தில் யோஷியைப் பற்றிய என் குறிப்பு இருந்தது. அதை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

இறங்கும்போது எண்ணிக்கை தலைகீழ், நாற்பதிலிருந்து ஒன்று வரை. ஒன்றுகூட விடாமல் அவரே சொன்னார். முடிவில் வருகிற 'செரி'யை மட்டும் நானும் கூடவே சொன்னேன்.