இணைபிரியாத ஜோடி, இன்றே அழையுங்கள்

சோபா கழுவுகிறவள் என்றுதான் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் அவளுக்குப் பெயர். வீடு தேடிப் போய் சோபா, மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் இயந்திரம் வைத்துக் கழுவிக் கொடுக்கும் தொழில். குழாயைப் பிடித்துக்கொண்டு இண்டு இடுக்கெல்லாம் அவள் அழுக்கை இழுக்க, பின்னாலேயே அவள் கணவன் கறுப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவான். கை வேலை செய்கிறதோ இல்லையோ, வாய் ஓயாது. வீட்டுக்காரர்களிடம் அவன் குழைந்து பேசுவதைக் கேட்டால், இப்படி ஒரு மனிதனைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். வேன் கதவைச் சாத்தியதும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். வருடக்கணக்காக அவளிடம் அவன் பேசுவதெல்லாம் குற்றம் சொல்வதற்கு மட்டும்தான். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற எண்ணமும் கிடையாது.

அவனை விட்டுப் போய்விடுவது என்று தொழில் தொடங்குவதற்கு முன்பே அவள் முடிவு செய்திருந்தாள். அது தெரிந்த ஒரே ஆள் அவள் தம்பி. எப்போது வேண்டுமானாலும் வா, மாடி ரூம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தான். கையில் ஒரு தொழில் இருந்தால் தம்பி வீட்டிலும் தலைநிமிர்ந்து இருக்கலாமே என்றுதான் இயந்திரத்தையே வாங்கினாள். வேன் ஓட்டக் கணவன் வந்தான். கொஞ்ச நாளைக்குத்தானே என்று விட்டாள்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் தம்பி வெப்சைட் செய்து கொடுத்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். முகம் தெரியாத ஆளை யார் வீட்டுக்குள் விடுவார்கள் என்று கேட்டு, இருவரையும் வேனுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தான். "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தில், வாழ்க்கையிலும் வேலையிலும் இணைபிரியாத ஜோடி என்று எழுதி வைத்தான். படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாம் வியாபாரத்துக்குக்கா, கண்டுக்காத" என்று அவனும் சிரித்தான்.

பொய்தான், ஆனால் நன்றாக விலைபோகிற பொய். போன் ஓயவில்லை. வீட்டில் தனியாக இருக்கிற பெண்களும் வயதானவர்களும், புருஷன் பெண்டாட்டியாக வருகிறார்கள் என்பதற்காகவே கூப்பிட்டார்கள். சோபா வெளுத்ததா என்று வெப்சைட்டில் ஒருவரும் கருத்து எழுதவில்லை. எழுதியதெல்லாம் ஜோடிப் பொருத்தத்தைப் பற்றி. இவர்களைப் பார்த்த பிறகுதான் தன் மகளுக்குக் கல்யாணத்தின் மேல் நம்பிக்கையே வந்தது என்று ஒரு வீட்டம்மா எழுதியிருந்தாள். நம்பிக்கை ஊட்டிய மகராசன் அன்றைக்கும் வேனில் ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.

தொழில் காலூன்றிவிட்டது, இனிக் கிளம்பலாம் என்று நினைத்தாள். வேன் ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணை உதவிக்குப் பேசி வைத்துக்கொண்டு, தம்பியிடம் படத்தை மாற்றச் சொன்னாள். வேனுக்கு முன்னால் இப்போது இரண்டு பெண்கள். அத்தோடு போன் வாயடைத்துப் போயிற்று. கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரும், அண்ணனும் வருவாரில்லையா என்றுதான் கேட்டார்கள். வரமாட்டார் என்றதும் சண்டையா, உடம்புக்கு முடியவில்லையா என்று துக்கம் விசாரித்துவிட்டு, அவர் வரும்போது சேர்ந்தே வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். சோபா கழுவ ஊரில் ஆளா இல்லை? இவர்கள் கூப்பிட்டது அவள் குடித்தனத்தை வேடிக்கை பார்க்க. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கணவன் சண்டை போடவில்லை. போனில் வெப்சைட்டைத் திறந்து, மாறிய படத்தை அவள் முன்னால் நீட்டினான்.

"என்னைத் தூக்கிட்டியா? சரி, நடத்திப் பாரு."

நடத்த முடியவில்லை. பழைய படம் திரும்பி வந்தது, போனும் உயிர்பெற்றது. தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஒரு வீடியோவும் போட்டுவிடலாம் என்று வந்து நின்றான். எது வந்தாலும் சேர்ந்தே செய்வோம், அதுதான் எங்கள் பலம் என்று அவள் சொல்ல வேண்டும். கணவன் தலையாட்டிவிட்டு அழைக்க வேண்டிய எண்ணைச் சொல்ல வேண்டும். வெளியே அவ்வளவு பேசுகிறவன் சொந்த வீட்டுக் கூடத்தில் உளறிக் கொட்டினான். அவன் உளறும்போதெல்லாம் அவள் முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் யாரும் சொல்லாமலே அவன் தோளில் கை வைத்துச் சிரித்தாள். அது சரியாக வந்துவிட்டது.

கணவன் இயந்திரத்தை வேனில் ஏற்றக் கீழே இறங்கிப் போனான். தம்பி போனில் வீடியோவைத் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

"அக்கா, போறேன்னு சொன்னதெல்லாம் அப்ப இருந்த கோவத்துலதான? ரெண்டு பேரையும் இப்படிப் பாத்ததும் எனக்கே மனசு நெறஞ்சு போச்சு."

கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தான். அந்தப் பக்கத்தை எழுதியவனே அதை நம்பிவிட்டான். இனி அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

"மாடி ரூமைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்குக்கா. வாடகைக்கு விட்டுரட்டுமா?"

கீழே வேன் ஹாரன் அடித்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

"விட்டுரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.