கிராணியாரின் கழுத்தைப் பிடித்தவன் நான்

ஜெலுத்தோங்கில் சேற்று நிலத்தில் பதினோரு கடைவீடு கட்டினேன். நிற்காது என்றார்கள், நிற்கிறது. சுங்கை பினாங்கில் மர ஆலை வைத்தேன். இரண்டு முறை எரிந்தது, மூன்றாம் முறையும் வைத்தேன். நான் திருநீறு பூசுகிறவன், ஆனாலும் மாதா கோயில் மதில் என் கை கட்டியதுதான். படிப்பு இரண்டாம் வகுப்பு. தொடக்கம் துறைமுகத்தில் மூட்டை. பினாங்குத் தமிழரில் ஆகாயக் கப்பலில் முதலில் ஏறிய சிலரில் நானும் ஒருவன்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் கப்பல் இறங்கத் தொடங்கி ஓரிரு வருஷம் இருக்கும். கோலாலம்பூரில் மரம் பேசி முடித்துத் திரும்பினேன். சின்னக் கப்பல். ஓட்டுகிறவர் முன்னால் தனியாக. பின்னால் நாலு பேர். நான், தூங்கிவிட்ட ஒரு சீனத் தவுக்கே முதலாளி, ஒரு தோட்டத்துத் துரை, அவரிடம் கணக்கெழுதும் கிராணியார். கிராணியார் நம் தமிழர், கிறிஸ்தவ வேதக்காரர். இடுப்பு வாரைக் கட்டச் சொல்லித்தான் எங்களை ஏற்றினார்கள்.

பின்னால் சாமான் வலையில் இருந்த பையை எடுக்கத் துரை எழுந்தார். கிராணியாரும் வாரை அவிழ்த்து, தாழ்ந்த கூரைக்கு முதுகை வளைத்து எழுந்தார். துரை உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார்.

“ஏன் கிராணியாரே, ஆகாயத்துலயும் தோட்டந்தானா?” என்றேன்.

“பழக்கம்ணே. துரை நிக்கிறப்போ உக்காந்தா எனக்குக் கூசுது” என்று சிரித்தார்.

தைப்பிங் மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. துரை பையைத் திரும்ப வைக்க எழுந்தார். இவரும் எழுந்தார். கப்பல் கயிறறுந்த வாளி மாதிரி கீழே போனது. வார் என் வயிற்றை அறுத்தது. துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், முழங்காலில் சிராய்ப்போடு சரி. கிராணியார் கூரையில் மோதித் தரையில் விழுந்தார். ஒரு கால் சப்பாத்து கழன்று எங்கோ போய்விட்டது.

துரை அவரைத் தூக்கி உட்காரவைக்கக் குனிந்தார். துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்த ஒரு கூலியை நாங்களும் அப்படித்தான் தூக்கி உட்காரவைத்தோம். அதற்குப் பிறகு அவன் நடக்கவே இல்லை.

“நோ டச்!” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அது. துரையின் கை நின்றது.

என் வாரை அவிழ்த்தேன். மண்டியிட்டு, தலைப்பாகையைச் சுருட்டிக் கழுத்துக்கு அணை கொடுத்து, தலையை இரண்டு உள்ளங்கைக்குள் பிடித்தேன். கப்பல் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் விழுந்திருந்தால் நானும் கூரைக்குப் போயிருப்பேன்.

“அண்ணே, எனக்குக் கால் இருக்கா? தெரியலண்ணே.”

“இருக்கு. கட்டைவிரலை ஆட்டுங்க.”

ஆடவில்லை. “இன்னொரு தரம்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கிழிந்த காலுறைக்குள் விரல் லேசாக ஆடியது.

“ஆடுதுய்யா! துரைக்கு இன்னும் எத்தன தடவை எந்திரிச்சு நிக்கப்போறீங்களோ!”

“சிரிக்க வைக்காதீங்கண்ணே, வலிக்குது.”

கப்பல் இறங்கி, ஆஸ்பத்திரித் தூக்குப் பலகை வந்த பிறகே கையை எடுத்தேன். கழுத்தெலும்பில் விரிசல், தூக்கி உட்காரவைத்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர்.

நாலு மாதம் கழித்துக் கிராணியார் நடந்தே என் ஆலைக்கு வந்தார். கழுத்து மட்டும் திரும்பவில்லை. கப்பல்காரர்கள் எழுதிய அறிக்கையை வாசித்துக் காட்டினார். பயணி தன் தவறால் எழுந்து அடிபட்டார். துரை தக்க சமயத்தில் முதலுதவி செய்தார். அவ்வளவுதான்.

“நீங்கதான்னு எல்லார்கிட்டயும் சொல்றேண்ணே. துரைகிட்ட மட்டும் வாய் வரல” என்று தலைகுனிய முடியாமல் கண்ணைத் தாழ்த்தினார். பிள்ளைகுட்டிக்காரர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அறிக்கை எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: தவறு என்று எழுதியதை அடியுங்கள். முதலாளி நிற்கும்போது உட்காரக்கூடாது என்று அவரைப் பழக்கியது யார்? துரையின் பேரையும் அடியுங்கள். அந்த இடத்தில் என் பேரை எழுதுங்கள்.