பக்க ஓரத்தில் ஒரு பென்சில் வரி

வாசகர்களை நான் நம்புவதில்லை. திருகோணமலையில் ஒரு சின்ன நூலகத்தின் இரவல் மேசையில் இருபத்தைந்து வருடங்களாக இருக்கிறேன். திரும்பி வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தட்டிப் பார்ப்பது என் வேலை. புல்மோட்டைப் பக்கம் போய் வந்த புத்தகத்தை விரித்தால் கறுப்பு மணல் கொட்டும். ஒருமுறை ஒரு கவிதைத் தொகுப்புக்குள் மீன் முள் இருந்தது. கொண்டுவந்த மனிதர் தன்னுடையது இல்லையென்று சத்தியம் பண்ணினார். முள்ளில் பெயரா எழுதியிருக்கும், வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டேன்.

முள்ளைக்கூட மன்னித்துவிடுவேன், ஓரத்தில் எழுதுகிறவர்களை மன்னிக்க மாட்டேன். 'உண்மை', 'என் வாழ்க்கையும் இதுதான்', 'என்னைப் போலவே' என்று பென்சிலால் எழுதி வைப்பார்கள். குடும்பத்துக்காகத் தேய்கிற அக்கா, ஏமாற்றப்பட்ட நல்லவன், எல்லாரையும் மன்னிக்கிற தாய், இப்படிப்பட்டவர்கள் வருகிற பக்கங்களில்தான் இந்த எழுத்தெல்லாம். கோள் சொல்கிறவன் வருகிற பக்கத்தையோ கூடப்பிறந்தவனின் காணியை அமுக்குகிறவன் வருகிற பக்கத்தையோ பாருங்கள், ஒரு கீறலும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் ஒருவருமே இல்லையாக்கும்.

மாதம் ஒருமுறை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். ஒரு கூட்டத்தில் கிண்ணியாவிலிருந்து வருகிற ஆசிரியை ஒருவர், "கதையில வாற ஆள் நம்மளப் போல இருந்தா நமக்கு அவரப் புடிச்சுப் போகுது. அவர் பிழை செஞ்சாலும் மன்னிச்சிடுறம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஆனால் என் புத்தி நேராகப் போகிற புத்தி இல்லை. அப்படியென்றால் ஒரு பாத்திரத்துக்குப் பக்கத்தில் 'இது நான்' என்று எழுதுகிறவன், அந்தப் பாத்திரம் செய்கிறதையெல்லாம் சரியென்று ஒத்துக்கொள்கிறான் என்றுதானே அர்த்தம்? ஆளை நேரே கேட்டால் பொய் சொல்வான், பென்சில் சொல்லாது. இனி ஆட்களைப் பிடிக்க எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டதென்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். லிங்கநகர் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவள் பள்ளியில் சாதாரண தரம் படிக்கும்போதே அவளுடைய அப்பா இறந்துபோனார். அன்றையிலிருந்து அவள் பத்து நிமிடம் பிந்தினால் வேலை செய்கிற இடத்துக்குப் போன் எடுப்பேன். கைப்பையைப் பார்ப்பேன். போனில் யார் என்று கேட்பேன், சொன்ன பிறகும் இன்னொரு முறை கேட்பேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எதற்கும் "ஓம் அம்மா" என்பாள். நான் பிள்ளையை வளர்த்த விதம் அப்படி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை சீனன்குடாவில் வேலை செய்கிறவர், எங்கள் நூலகத்தின் அங்கத்தவர். முன்பெல்லாம் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டவர், பேச்சு தொடங்கியதும் "அன்ரி" ஆக்கினார். மகளிடம் கேட்டேன். "உங்களுக்கு ஓமெண்டா எனக்கும் ஓம்" என்றாள். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து போன அன்று பின்னேரம் குசினியில் தனியாகப் பாட்டுப் பாடினாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிறகு ஒரு நாவல் என் கைக்கு வந்தது. அதில் ஒருவன் வீட்டில் எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டான். தாய் சொன்னாலும் தலையாட்டுவான், மனைவி சொன்னாலும் தலையாட்டுவான். ஒருநாள் காலையில் சந்தைக்குப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவன், திரும்பி வருவதே இல்லை. அவனுடைய தாய் ஒருத்தி வருகிறாள். மகனின் சட்டைப்பையைத் துழாவுகிறதும், பஸ் கொண்டக்டரை மறித்து என் பிள்ளை எங்கே இறங்கினவன் என்று கேட்கிறதும்தான் அவளுக்கு வேலை. அவளைத் தாங்க முடியாமல் இரண்டு தடவை புத்தகத்தை மூடி வைத்தேன். இப்படியும் ஒரு பெண்ணா என்று எரிச்சலாக இருந்தது.

அவன் பஸ் ஏறுகிற பக்கத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் எழுதியிருந்தது: 'இது நான்தான்.'

நான் அதை வீட்டில் வைத்துத்தான் வாசித்தேன். நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசிக்க எடுத்துப் போகிற புத்தகத்தை நாங்கள் இரவல் கொப்பியில் பதிய மாட்டோம். நம்முடைய இடம்தானே, நாளைக்கே கொண்டுவந்துவிடுவோம்தானே என்று பைக்குள் போட்டுக்கொண்டு போவோம். அந்தப் புத்தகமும் அப்படி வந்து எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தது. வாசித்த அடுத்த நாள் வேலைக்குப் போன உடனே கொப்பியைப் பிரித்தேன். கடைசியாக எடுத்தவர் யார் என்று பார்த்தால், மாப்பிள்ளை.

புத்தகம் திரும்பி வந்தபோது இந்த மெல்லிய எழுத்து என் கண்ணில் படாமல் தப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய அங்கத்துவ விண்ணப்பத்தைத் தேடி எடுத்து எழுத்தை ஒப்பிட்டேன். 'ன' வின் வால் ஒரே மாதிரி வளைந்திருப்பது போலத் தெரிந்தது. உண்மையில் எந்த 'ன' வும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அது போதுமாக இருந்தது. பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவனைத் தன்னைப் போல என்று நினைக்கிறவர், அவனைப் பிடித்துப்போய் ஓரத்தில் எழுதியும் வைக்கிறவர், என் பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பார்? அன்றைக்கே தரகரைக் கூப்பிட்டு, சாதகம் பொருந்தவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கும் அதையே சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு "ஓம் அம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் நூலகத்துக்கு வந்தார். வாசலில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ போட்ட பேப்பரைத் தின்றுகொண்டு வழியில் நின்றது, அதைச் சுற்றிக்கொண்டு வந்து, மேசையில் மூன்று புத்தகங்களை வைத்தார். "மிஸ்" என்றார். அந்த "மிஸ்" எனக்குச் சுருக்கென்று பட்டது.

"அடுத்த மாசம் கலியாணம். மாற்றலும் கிடைச்சிட்டுது. அங்கத்துவத்தை நிப்பாட்ட வந்தனான்."

நல்லது என்று சொல்லிப் புத்தகங்களைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, அதில் பக்க இலக்கங்கள்.

"இது என்ன?"

"பென்சில் கீறல் கிடந்த பக்கங்கள் மிஸ். நான் எடுக்கேக்கையே கிடந்தது. பிறகு என்ர தலையில விழக்கூடாதெல்லோ. எப்பவும் இப்பிடி எழுதி உள்ளுக்கு வச்சுத்தான் தாறனான்."

அந்தத் துண்டுகளை நான் முன்பும் கண்டிருக்கிறேன். பக்க அடையாளத்துக்கு வைத்தவை என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன். மெதுவாக அந்த நாவலைப் பற்றி எடுத்தேன், அதிலும் கீறல் இருந்ததா என்று கேட்டேன்.

"அதில ஒண்டும் இல்லை. அது புதுப் புத்தகம், நான்தான் முதல் எடுத்தனான்."

பொய் சொல்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்கு விட மனமில்லை. "அதில உங்களுக்கு ஆரைப் பிடிச்சது?" என்று கேட்டேன்.

"அந்தத் தாயை."

"தாயையோ? உங்கட அம்மாவும் அப்பிடியோ?"

"இல்லை மிஸ். எங்கட அம்மா ஒண்டுமே கேக்கமாட்டா. நானும் அப்பிடி இல்லை. ஆனா அவ கெட்டவ இல்லைத்தானே, நல்லாப் பயந்துபோய் இருக்கிறா. பாவமாக் கிடந்தது."

இவர் என்ன, என்னைக் குத்திக் காட்டுகிறாரா என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்குத் துளியும் ஒப்பில்லாத ஒருத்தியை அவருக்குப் பிடித்திருந்தது. அச்சு அசல் என்னைப் போன்றவளை எனக்கு வாசிக்கவே பிடிக்கவில்லை. ஆசிரியை சொன்ன கணக்கில் இது எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது வேறொன்று. புத்தகம் அவர் கையிலிருந்து வெள்ளையாகத்தான் வந்திருக்கிறது, வந்த பிறகு என் வீட்டில் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மகள் குசினியில் நெத்தலி துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த அந்த நாவலில் அந்தப் பக்கத்தை விரித்து அவள் முன்னால் பிடித்தேன்.

"இது ஆர் எழுதினது?"

குனிந்து பார்த்தாள். "நான்."

"நீ எப்ப வாசிச்சனி?"

"நீங்கள் கொண்டுவந்து வச்ச அண்டைக்கு எடுத்தனான். நான் முடிச்ச பிறகுதான் நீங்கள் தொடங்கினனீங்கள்." சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இதுக்காகவோ அம்மா அவரை வேண்டாமெண்டனீங்கள்?"

ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே எனக்குத் தெரியும். "நீ ஏன் அப்பிடி எழுதினனி? வீட்டை விட்டுப் போறவனை உனக்குப் பிடிச்சுத்தானே எழுதினனி?" என்று கேட்டேன்.

"பிடிக்கிறதோ? அவனைக் காணவே எனக்கு அருவருப்பாக் கிடந்தது. எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லிப்போட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போறவன். நானும் அதைத்தானே செய்யிறனான். உங்களுக்கு ஓம் ஓமெண்டு சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள பஸ் ஏறுறனான்." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கொழும்பில ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டனான் அம்மா. கிடைச்சிட்டுது. வாற திங்கள் சேரவேணும். சொல்லாமத்தான் போக நினைச்சிருந்தனான். அவனைப் போல போகக்கூடாது எண்டு இப்ப சொல்லுறன். போயிட்டு வா எண்டு சொல்லுங்கோ."

ஈரக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது இரண்டு சொல். அந்த இரண்டையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் உண்மை அதுதான்.

"ஆரோட?" என்று கேட்டேன்.

மகள் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"பாத்தீங்களோ அம்மா, இதுக்குத்தான் அவன் சொல்லாமப் போனவன்."

சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள்.