கூடத்தில் வந்த நாற்றம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வீட்டுக்காரர் போன பிறகு ஈரோட்டு வீட்டை விற்றுவிட்டு, வெளிநாட்டில், பார்சிப்பனி என்கிற ஊரில் இருக்கும் பெரிய மகளிடம் வந்தேன். மருமகன் வீடு. அவர் நல்லவர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் மருமகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்கிற கூச்சம் ஒவ்வொரு கவளத்திலும் இருக்கும். சின்ன மகள் அதே நாட்டின் மறுகோடியில் ஃப்ரீமான்டில், ஒரே படுக்கையறை உள்ள அபார்ட்மென்டில் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஆக, எனக்கென்று இருந்தது இந்த வீட்டின் கீழ் அறை ஒன்றுதான். அதை விட்டால் போக்கிடம் இல்லை.

அறைக்கு வெளியே கூடம். கூடத்துச் சுவரில் ஃபயர்ப்ளேஸ். வீடு பழையது, குளிர்காலத்தில் மாப்பிள்ளை அதில் விறகு எரிப்பார். எரிகிற இடத்தின் தரையில் சின்னதாக ஓர் இரும்பு மூடி உண்டு. தூக்கினால் குழி. சாம்பலை அதற்குள் தள்ளிவிடுவார்.

போன கோடையில் மழை விடாமல் பெய்தபோதுதான் நாற்றம் ஆரம்பித்தது. எனக்கு மூக்கு மந்தம். வயசாக ஆக எந்த வாசனையும் சரியாகத் தெரிவதில்லை. மகள்தான் உள்ளே நுழையும்போதே மூக்கைச் சுளிப்பாள்.

“அம்மா, அந்தத் தைலத்த முட்டிக்குத் தேச்சியா? ஹால் ஃபுல்லா ஒரு மாதிரி ஸ்மெல் அடிக்குது.”

“காத்தால தேச்சது கண்ணு.”

மறுநாளே தைலத்தை நிறுத்தினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்றமும் போகவில்லை. இரண்டு வேளை குளித்தேன். என் துணிகளைத் தனியாகத் துவைத்தேன். ரசம் தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டேன். நான் சமைக்கிற நேரத்தில்தான் நாற்றம் அதிகம் என்றாள் மகள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், அது என் உடம்புதான் என்று. யாராவது சோபாவில் உட்கார வந்தால் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு நாள் சமையலறையில் அவர்கள் பேசிக்கொண்டது கேட்டது.

“ஆபீஸ் ஆளுங்கள டின்னருக்குக் கூப்பிடவே கூச்சமா இருக்கு,” என்றார் மாப்பிள்ளை.

“அதுக்கு எங்கம்மாவ என்ன பண்ணச் சொல்றீங்க? கிளம்பச் சொல்லட்டுமா?”

“நான் அப்படிச் சொன்னனா?”

அவர் சொல்லவில்லைதான்.

கடைசியில் ஃபயர்ப்ளேஸின் புகைக்கூண்டை, அதான் சிம்னியை, கிளீன் பண்ணுகிற ஆள் ஒருவரை வரச் சொன்னார் மாப்பிள்ளை. வந்தவர் டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். புகைக்கூண்டின் தலைக்கு மூடி இல்லாததால் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே படிந்த புகைக்கரி நனைந்திருக்கிறது. நனைந்த கரி நாறும். உள்ளே டாம்பர் என்று புகை போகிற வழியை மூடுகிற ஒரு தகடு உண்டாம். நெருப்பு முழுக்க அணைந்து ஆறிய பிறகு அதைச் சாத்த வேண்டும். அது திறந்தே கிடந்திருக்கிறது. ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டு சமையல் ஃபேனைப் போட்டால் வீட்டுக் காற்று வெளியே போய்விடும். அதற்கு ஈடாகப் புகைக்கூண்டு வழியே காற்று இறங்கி, நாற்றத்தையும் கொண்டுவரும். ஃபேன் ஓடும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டுமாம். நாற்றத்தை விரட்டுகிறேன் என்று நானே தினமும் வரவழைத்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால், என் உடம்பு இல்லை என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அந்த ஆள் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய், குழியின் அடியில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, ஒரு பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். ஏதோ பிராணி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தாராம். ஈரச் சாம்பலுக்குள் கறுத்து அழுகிய பூ, வெற்றிலை, பூ தொடுத்த நூல்.

சாமிக்கு வைத்த பூ அது. கறியும் எலும்பும் போடுகிற குப்பைத்தொட்டியில் போட மனசு வரவில்லை. வெளியே போட்டால் யாராவது மிதிப்பார்கள். நெருப்பு இருக்கிற இடம் சுத்தம்தானே, குழியும் மண்ணுக்குள்தான் போகும் என்று நினைத்து, தினமும் காலையில் அந்த மூடியைத் தூக்கி உள்ளே போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

“அத்தை, இது நீங்க போட்டதுங்களா?”

“ஆமாங்க மாப்பிள்ளை.”

அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தார். மகள்தான் பேசினாள். “குப்பைல போட்டா சாமி கண்ணக் குத்திருமாம்மா? இத்தன நாளா நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா?”

எனக்கு நாற்றமே தெரியவில்லை கண்ணு என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவள் மாடி ஏறிவிட்டாள்.

கரியைச் சுரண்டி, குழியைக் கழுவி, புகைக்கூண்டுக்கு மூடி போட்டுவிட்டார்கள். இப்போது நாற்றம் இல்லை என்கிறார்கள். எனக்கு ஃப்ரீமான்டுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

“கொஞ்ச நாள் தங்கச்சிகூட இரும்மா. அங்க ஃபயர்ப்ளேஸே கிடையாது, தைரியமா இருக்கலாம்,” என்று சிரித்தாள் மகள். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற டிக்கெட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சின்னவளிடம் ஃபோனில் பேசினேன். “வாம்மா, ஹால்ல படுத்துக்கலாம்,” என்றாள். கீழ் அறையில் ட்ரெட்மில் வைக்க நேற்று அளவு எடுத்தார்கள். அவர்கள் அளக்க வசதியாகக் கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொண்டேன்.

டாம்பர், மூடி, ஜன்னல் என்று நான் எழுதியதெல்லாம் மாப்பிள்ளை சொல்லிக் கேட்டது. பயத்தில் பாதி காதில் ஏறவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் திருத்துங்கள். என் பேச்சைக் கேட்டு இன்னொரு வீட்டில் தப்பு நடந்துவிடக் கூடாது.